குறைகள் இருப்பின்

எங்கள் ஊர்ப் பெயரில் பட்டினம் இருக்கிறது,
கடல் இல்லை.
காவேரியும் இருக்கிறது,
ஓடுவது தென்பெண்ணை.
ஓடுவது என்று சொல்வதும்
அணை திறக்கிற மாதங்களில்தான்.

நிப்பட்டுக் கவரின் பின்பக்கம்
அரிசி மாவு, வேர்க்கடலை, மிளகாய், உப்பு
இவற்றுக்கெல்லாம் கீழே
கடுகளவு எழுத்தில் என் கைபேசி எண்.
குறைகள் இருப்பின் அழைக்கவும்.
சட்டம் கேட்டது, அச்சடித்தேன்.
பதினோரு வருடத்தில் அழைத்தவர்கள்
லோன் வேண்டுமா என்றவர்கள் மட்டும்.

தையில் ஒரு விடிகாலை.
வாணலியில் எண்ணெய் இன்னும் காயவில்லை.
"கம்பெனிங்களா? நான் அஞ்சலாட்சி,
கடலூர் தாழங்குடாவுலேர்ந்து பேசறேன்.
ஒங்க கவரு எங்க வலையில வந்திருக்கு."

முதலில் பேட்ச் எண்ணைக் கேளுங்கள் என்று
லைசென்ஸ் வகுப்பில் சொல்லியிருந்தார்கள்.
கேட்டேன்.
எழுத்துக் கூட்டிப் படித்தாள்.
பின்னால் ஏதோ இரைந்தது,
அலையோ, ஐஸ் உடைக்கிற மிஷினோ.

எம் ஏழு, நாலு, மூணு.
நோட்டைப் புரட்டினேன்.
நான்கு வருடத்துக்கு முந்தைய ஐப்பசி.
மாதம்மா கையைச் சுட்டுக்கொண்ட வாரம்.
உப்புத் தூக்கலாகி
சந்தையில் பாதி விலைக்குத் தள்ளிய சரக்கு.

பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்து
யாரோ தின்றிருக்க வேண்டும்.
கையை உதறியிருக்க வேண்டும்.
பிறகு சாத்தனூர் மதகு,
திருக்கோவிலூர்ப் பாறைகள்,
கரும்புக் கொல்லைகளின் ஓரம்.
நான் ஒருமுறைகூடப் போகாத வழி.

தயாரித்த நாளிலிருந்து
தொண்ணூறு நாட்களுக்குள் உண்ணவும்.
நிப்பட்டின் ஆயுள் அவ்வளவுதான்.
கவருக்கு நான் நாள் போடவில்லை.

"எழுத்துகூட அழியலைங்க" என்றாள்.
பாராட்டு மாதிரி இருந்தது.
அந்த மைக்கு சேலத்து அச்சகத்தில்
தனியாகப் பணம் கட்டியவன் நான்.

மீன் எவ்வளவு வந்தது என்றேன்,
வேறென்ன கேட்பது.
"மீனு ரெண்டு கூடை. குப்பை மூணு.
ஒங்களுது ஒண்ணுதான்.
மத்ததுல நம்பரு இல்ல, இல்லாட்டி தெரியல.
நம்பரு போட்டவன் நீ ஒருத்தன்தான்யா,
அதான் ஒன்னயத் திட்டறேன்."

திட்டினாள்.
அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டேன்.

காகிதப் பையில் போட்டுப் பார்த்தேன்.
இரண்டாம் நாளே எண்ணெய் கசிந்து
கடைக்காரர் சட்டைப்பையோடு ஒட்டிக்கொண்டது.
தருமபுரி பஸ் நிலையத்துக் கடைகள்
மொத்தமாகத் திருப்பி அனுப்பின.
உள்ளூர்க் கடைகள் பதினாலுக்கு
டின்னில் போடுகிறேன் இப்போது.
காலி டின் வந்தால்தான் அடுத்த டின்.
வெளியூருக்கு இன்னும் கவர்தான்.
மறைத்து என்ன ஆகப்போகிறது.

காலிக் கவருக்கு ஒரு ரூபாய் என்று
போர்டு எழுதி வைத்தேன்.
மூவாயிரம் போனதில் இருநூற்றுப் பன்னிரண்டு திரும்பின.
அதில் முப்பது வேறு கம்பெனியுடையவை.
கொண்டுவந்த பையனிடம் சொன்னேன், இது எங்களுது இல்லை.
"ஆத்துல எல்லாம் ஒண்ணாத்தாண்ணே கெடக்குது" என்றான்.
முப்பது ரூபாயையும் கொடுத்தேன்.

மாதம்மாவுக்குக் கோபம்.
"ஊர்க் குப்பைக்கெல்லாம் நீங்க ஏன் மொய் வெக்கிறீங்க?"
பதில் தெரியவில்லை.
மாவு பிசைந்துகொண்டிருந்தோம்.

புது கவருக்கு ஆர்டர் கொடுக்கையில்
எண்ணைப் பெரிதாகப் போடச் சொன்னேன்,
கம்பெனி பெயர் அளவுக்கு.
அச்சகத்தார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.
"புகார் ஜாஸ்தியாயிடும் சார்."
வரட்டும் என்றேன்.
சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

நேற்றிரவு நல்ல மழை.
கிருஷ்ணகிரி அணையில் தண்ணீர் திறக்கிறார்களாம்,
கரையோரத்தார் மேடேறச் சொல்லி
தண்டோரா வண்டி போனது.
பாலத்தடியில் இருட்டில்
நீர் எதையெதையோ எழுப்பிக் கொண்டுபோகும் சத்தம்.

உள்ளே வந்து
கைபேசியைச் சார்ஜில் போட்டேன்.