நடவுக் கூலி

பிடுங்கியபோது நானூறு ரூபாய்.
அதே இடத்தில் நட
நாற்பத்தெட்டாயிரம் என்றார் டாக்டர் எஸ்தர்.
கோத்தகிரி மார்க்கெட் மேட்டில்
கண்ணாடி வியர்க்கும் மாடியறை.
தாளைத் திருப்பிப் பார்த்தேன்,
பின்பக்கம் ஏதாவது கழித்திருக்கிறாரா என்று.

பதினேழு வருஷமாய் ஃபேக்டரி வாசலில்
பச்சை இலை நிறுக்கிறேன்.
ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு,
முற்றல் இலைக்கு இவ்வளவு என்று
கிலோவில் கைவைப்பது என் பேனாதான்.
ஒரு விலைக்குள் எத்தனை பேர் கை இருக்கும்
என்று எனக்கா தெரியாது?
பிரித்துச் சொல்லுங்கள் டாக்டர் என்றேன்.

திருகாணி ஒன்றை எடுத்து வைத்தார்.
சுண்டுவிரல் நகத்தளவுதான்.
கொரியாவிலிருந்து வந்தால் ஒரு விலை,
சுவிஸிலிருந்து வந்தால் அதற்கு இரட்டை.
அப்படி என்ன வித்தியாசம்?
"பதினைந்து வருஷம் கழித்து உள்ளே ஏதாவது கழன்றால்
அதே அளவில் உதிரி கிடைக்க வேண்டும், அதுதான்."
சைக்கிள் கடைப் பேச்சு.
எனக்குப் பிடித்திருந்தது.

மேலே மாட்டும் பல்லுக்குத் தனிக் கணக்கு.
உலோகத்தின்மேல் பீங்கான் என்றால் இறங்கும்,
ஜிர்கோனியா என்றால் ஏறும்.
கடைவாய்தானே, யார் பார்க்கப்போகிறார்கள்?
"இப்போது சிரித்தீர்களே, நான் பார்த்தேன்" என்றார்.
அதற்கு பில் போடவில்லை.

ஸ்கேன் கோயம்புத்தூரில்.
அரவேணு, குஞ்சப்பனை, கொண்டை ஊசி வளைவுகள்,
வாந்திக்கு ஒரு எலுமிச்சம்பழம்,
ஒருநாள் சம்பளம் கட்.
இவை எந்தத் தாளிலும் இல்லை.
ஓரத்தில் நானே எழுதிக்கொண்டேன்.

படத்தில் என் தாடை
நவம்பர் மழையில் சரிந்த ரோட்டோரம் மாதிரி
ஒரு பக்கம் உள்வாங்கிக் கிடந்தது.
"பல் போன இடத்தில் எலும்புக்கு வேலை இல்லை.
வேலை இல்லாவிட்டால் கரைந்துவிடும்."
பதினொரு வருஷம்
அந்த இடம் சும்மா கிடக்கிறது என்றல்லவா இருந்தேன்.
சும்மா இல்லை,
வட்டி ஏறிக்கொண்டிருந்திருக்கிறது.
எலும்புத் தூள் நிரப்ப
இன்னொரு பன்னிரண்டாயிரம்.

பேக்கிங்கில் இருக்கும் புஷ்பவல்லிக்கு
முப்பத்தைந்தில் முடிந்ததே?
முடியும்.
பிடுங்கிய மூன்றாம் மாதமே நட்டுவிட்டாள்.
அவளுக்கு எலும்பு இருந்தது,
துபாயில் தம்பி இருந்தான்.
எனக்கு அந்த வருஷம்
நானூறே கைமாற்று.

திரும்பும் பஸ்ஸில் கணக்குப் போட்டேன்.
ஆக அறுபதாயிரம்.
இன்றைக்கு இலை பதினாறு ரூபாய்.
மூவாயிரத்து எழுநூற்றைம்பது கிலோ.
போஜன் தன் ஒரு ஏக்கரில்
வருஷம் முழுக்கக் கிள்ளிக் கொட்டுவது,
என் ஒரு பல்லுக்கு.
கட்டபெட்டு தாண்டும்வரை
வாயை மூடிக்கொண்டே வந்தேன்.

முதல் தவணை கட்டியாயிற்று.
தூள் நிரப்பித் தையல் போட்டாயிற்று.
சர்க்கரையைக் குறைத்துக்கொண்டு வந்தால்தான்
திருகாணியாம்.
கவாத்து வெட்டிய செடியில்
மறுநாளே கொழுந்து கிடைக்குமா?
பனிக்காலம் போகட்டும்.
இப்போதைக்கு வலப்பக்கம்தான் சாப்பாடு.
நாக்கு மட்டும் நிமிஷத்துக்கு ஒருமுறை
இடப்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறது.

நேற்று போஜனின் சாக்குக்கு
இரண்டு கிலோ கழித்தேன்.
வழக்கம்போல் அவர் எதுவும் கேட்கவில்லை.
நானாகத்தான் பிரித்துச் சொன்னேன்:
ஈரத்துக்கு ஒன்று,
சாக்குக்கு அரை,
மிச்ச அரை
மேனேஜர் சொன்னதற்காக.

சீட்டை வாங்கிக்கொண்டு
கொஞ்ச நேரம் என் கன்னத்தின் வீக்கத்தைப் பார்த்தார்.
விஷயத்தைக் கேட்டுக்கொண்டார்.
பிறகு வாயை அகலத் திறந்து
விரலை உள்ளே விட்டுக் காட்டி,
"எனக்கு எவ்வளவு ஆகும்?" என்றார்.
நாலு காலி இடங்கள்.

"எலும்பைப் பொறுத்தது" என்றேன்.