நூற்றியோராம் இலக்கம்

முதலில் என்னைப் 'பபா' என்றார்கள்.
எனக்கு ஞாபகமில்லை, அம்மா சொன்னது.
வெள்ளவத்தைச் சந்தைத் தரிப்பு,
ஒரு கையில் நான், மறு கையில் மீன்பை.
பபாவைத் தாங்கோ என்று
மிதிபலகையிலிருந்து கொண்டக்டர் கை நீட்ட
பதற்றத்தில் அம்மா
மீனைக் கொடுத்தாளாம்.

அப்போது நான் அறிந்த காலி வீதி
யன்னலின் மேற்பாதி மட்டும்:
மின்கம்பி, காகம், ஒரு துண்டு மேகம்.
பக்கத்தில் கடல் இருப்பது தெரியாது.

பிறகு 'துவ'. மகள்.
அரை ரிக்கற், வெள்ளைச் சீருடை.
எட்டுவது இருக்கையின் முதுகுக் கம்பிதான்.
ஒரு சடுதி பிறேக்கில்
என் முன்பல்லை அது வாங்கிக்கொண்டது.
ஆனால் தலை யன்னலுக்கு உயர்ந்திருந்தது.
ஒவ்வொரு ஒழுங்கை முடிவிலும்
ஒரு கீற்றுக் கடல்.
அடுத்த ஒழுங்கை வரும்வரை
மூச்சைப் பிடித்திருப்பேன்.

ஒருநாள் (எந்த நாளென்று குறித்து வைக்கவில்லை)
அதே கொண்டக்டர், அதே காக்கி,
'நங்கி' என்றார்.
வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை.
கையைத் தூக்கினேன், மேல்கம்பி எட்டியது.
சட்டை அக்குளில் இறுகியது.
அன்றிலிருந்து புத்தகங்களை நெஞ்சோடு அணைத்து
ஒற்றைக் கையால் நிற்கப் பழகினேன்.

கோட்டையில் கப்பல் கொம்பனி, தட்டெழுத்து வேலை.
இப்போது 'மிஸ்'.
மிஸ்ஸுக்கு மிச்சக்காசு சரியாக வரும்.
பம்பலப்பிட்டியில் ஏறுவார் கணக்காளர் தவநாயகம்.
இரண்டு வருடம் ஒரே கம்பியில்
அவர் கை, என் கை, நடுவில் நாலு விரல் வெளி.
அந்த நாலு விரலை யாரும் கடக்கவில்லை.
அவர் கனடாவுக்குக் கடந்தார்.

அந்த ஜூலையில்
கொண்டக்டர் என்னை ஒன்றும் அழைக்கவில்லை.
நெற்றியைப் பார்த்தார்.
பொட்டு இருந்த இடம் வெளிறிக் கிடந்தது.
ரிக்கற்றைக் கிழித்துத் தந்துவிட்டு
வெளியிலிருந்து நான் தெரியாதபடி
யன்னலை மறைத்து
வெள்ளவத்தைப் பாலம்வரை நின்றார்.
அவர் பெயர் எனக்குத் தெரியாது.
என் பெயர் அவருக்குத் தெரியாதிருந்தது நல்லது.

'அக்கே' வந்தது மூக்குக்கண்ணாடியோடு.
'அன்ட்டி' வந்தது தனியார் பஸ்ஸோடு,
காதைப் பிளக்கும் பாட்டோடு.
முதல் அன்ட்டிக்குக் கோபம் பொங்கி
இரண்டு தரிப்பு முந்தியே இறங்கி
வெயிலில் நடந்தேன்.
குளியலறைக் கண்ணாடியைக் கேட்டேன்,
அது அந்தப் பையனின் பக்கம் பேசியது.

கலியாணம் கட்டாத, பிள்ளை பெறாத என்னை
மழையில் நனைந்த ஒருவன்
'அம்மே' என்றான்.
மிச்சம் வேண்டாமென்று
கையால் காட்டினேன்.
ஐந்து ரூபாய்.
அதற்கு மேல் என்னிடமும் இருக்கவில்லை.

நேற்று.
தோள்மூட்டு உயர மறுக்கிறது,
மேல்கம்பி மறுபடி தூரம்.
அந்தப் பழைய முதுகுக் கம்பியைப் பிடித்து நிற்கிறேன்.
'ஆச்சிக்கு ஒரு சீற் குடுங்கோ' என்று
சிங்களத்தில் சத்தம் போட்டான் கொண்டக்டர்ப் பொடியன்.
யாரோ பாவம், நிற்க ஏலாமல் நிற்கிறாள் என்று
நானும் திரும்பிப் பார்த்தேன்.
பின்னால் ஒருவரும் இல்லை.

எழும்பி இடம் தந்தது ஒரு சின்னப் பெடிச்சி.
வெள்ளைச் சீருடை. வாயில் முன்பல் இல்லை.
'விழுந்ததோ?' என்றேன் தமிழில்.
அவள் சிரித்த ஓட்டை எல்லா மொழிக்கும் போதும்.
கடல் கீற்றுகளைப் பாதி
மாடிவீடுகள் மூடிவிட்டன.
மீதியை எண்ணிக்கொண்டு வந்தேன்,
நடுவில் கணக்கு விட்டுப் போனது.

வெள்ளவத்தை.
'ஹெமின், ஆச்சி, ஹெமின்.'
மெதுவாக, மெதுவாக.
மிதிபலகையிலிருந்து பொடியன் கை நீட்டினான்.
பதற்றத்தில் நான்
மரக்கறிப் பையைக் கொடுத்தேன்.