ஐந்தாம் வார்த்தை

நாளைக்கு அரை லிட்டர்.
மாத்திரை விழுங்குவதும் அதில் அடக்கம் என்றார் டாக்டர்.
மாட்டுத்தாவணிக்கும் பெரியார் நிலையத்துக்கும் நடுவே
முப்பது வருஷம் டிக்கெட் கிழித்தவன்
இப்போது தண்ணீருக்குச் சில்லறை எண்ணுகிறேன்.

சுகிர்தம் என் தம்ளரில்
நகப்பூச்சால் கோடு போட்டு வைத்திருக்கிறாள்.
மத்தியானம் ஒரு ஐஸ் துண்டு:
கன்னத்தில் ஒதுக்கி, கரையும்வரை பேச்சில்லை.

பெரிய வெள்ளிக்கும் மெஷினுக்கு லீவு கிடையாது.
கோரிப்பாளையத்தில், மூன்றாம் மாடி ஜன்னலோரம்,
என் ரத்தம் வெளியே போய்ச் சுற்றிவிட்டு வருகிறது.
தூரத்தில் வைகை.
அதற்கும் யாரோ அளவு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

இந்நேரம் கோவிலில் ஐந்தாம் வார்த்தைக்கு வந்திருப்பார்கள்.
ஆணிக்கும் முள்ளுக்கும் அழுதிருக்கிறேன், ஆண்டவரே.
நீர் தண்ணீர் கேட்ட இடத்தில் மட்டும்
வெயில் தாங்காமல்
பாட்டிலைத் திறந்து குடித்திருக்கிறேன்.

பக்கத்துக் கட்டிலில் உசிலம்பட்டி பேச்சிமுத்து.
உதடு அசைவதைப் பார்த்துவிட்டார்.
"என்ன முணுமுணுக்கிறீக?"
சொன்னேன்.
"கேட்டாரே, குடுத்தாங்களா?"
"காடியைக் குடுத்தாங்க."
கொஞ்ச நேரம் மெஷின் சத்தம்தான்.
"அப்ப அவரு நம்ம வார்டு ஆளுதான்யா."

சிரித்த சிரிப்பில் கை அசைந்து
அலாரம் அடித்தது. ஓடிவந்த சிஸ்டர்
இரண்டு பேரையும் திட்டித் தீர்த்தார்.
குணமாக்கும் என்று கேட்க
இன்றைக்கு மறந்தே போனேன்.

அடுத்தது திங்கட்கிழமை, காலை ஏழு மணி,
சீட்டில் எழுதித் தந்தார்கள்.
நடுவில் ஒரு ஞாயிறு இருக்கிறது.