கருப்பில் ஒரு கீறல்

தியூமெனில் மைனஸ் முப்பத்தொன்று.
மூன்றாவது ஆம்பூலும் போன மாதம் வெடித்தது;
கந்தகத்தை அவசரப்படுத்தக் கூடாதென்று
உலைக்கே தெரியும்,
எனக்குத்தான் தெரியவில்லை.

இம்முறை பத்து நாள்.
குவார்ட்ஸ் குழாய்க்குள் சமேரியமும் கந்தகமும்
மணிக்கு ஐந்து டிகிரியாய்
ஒன்றையொன்று பொறுத்துக்கொண்டன.
பிறகு மாலிப்டினக் குடுவையில்
இரண்டாயிரத்துக்கும் மேலே ஒரே உருகல்.

திறந்தால் கரி.
வாசலில் பனி அள்ளும் ரஃபாயில் எட்டிப் பார்த்து
"இதற்கா இத்தனை மின்சாரம்?" என்றான்.

ஊசியால் ஒரு கோடு கிழித்தேன்.
கோடு முழுக்கப் பொன்.

பூச்சு அல்ல. அழுத்தம் தாங்காமல்
ஓர் எலக்ட்ரான் வீட்டைவிட்டு வெளியேறியிருக்கிறது;
அணுக்கள் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்திருக்கின்றன.
சூடாக்கினால் திரும்பக் கருக்கும்.

அவன் கையுறையைக் கழற்றினான்.
ஓர் எழுத்தைக் கீறினான்,
அவன் பெயரில் இல்லாத எழுத்து.

நான் இன்னும் சூடாக்கவில்லை.