முதல்லருந்து

எட்வின் தனராஜ் டாக்டரை நல்லவர் என்று
நான் சொல்ல மாட்டேன்.
ஊசிக்குப் பயந்து கையை இழுத்தால்
'ஏட்டி, காய்ச்சல் உனக்கா எனக்கா' என்பார்.
சில்லறை இல்லையென்றால் முகம் மாறிவிடும்.
கடைசிவரை என் பெயர் அவர் வாயில் நிற்கவில்லை.
ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே
உள்ளேயிருந்து கம்பவுண்டருக்குச் சத்தம் போவது கேட்கும்:
'சல்ஃபா ஒத்துக்கிடாதவ வந்திருக்கா.'

முருகன்குறிச்சியில் அந்த ஷட்டர் இறங்கி
நாலு வருஷம்.
மகன் மெல்போர்னுக்குக் கூப்பிட்டுக்கொண்டான்.
பலகை இன்னும் தொங்குகிறது,
மாலை ஆறு முதல் ஒன்பது வரை என்று.
அதன் நிழலில் ஒரு மேஜை போட்டு
செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிறான் ஒரு பையன்.

தகரப் பெட்டியில் அட்டை அட்டையாக
எங்களை எழுதி வைத்திருந்தாரே,
அதெல்லாம் எங்கே என்று கட்டடக்காரரிடம் கேட்டேன்.
'பேப்பரோட பேப்பரா எடைக்குப் போட்டாச்சும்மா.
நல்ல கனம் இருந்துது.'

பிறகு வண்ணார்பேட்டை பைபாஸ் ஆஸ்பத்திரி.
டோக்கன் நாற்பத்தேழு.
'அவ்டாய் நாயகி யாரு?' என்று கூப்பிட்டாள் ஒருத்தி,
கம்ப்யூட்டரைப் பார்த்து.
ஆவுடைநாயகி எழுந்து போனேன்.
சமாதானபுரத்தில் ஒருவர், செவ்வாய் வெள்ளி மட்டும்,
நாகர்கோவில் பஸ் லேட்டானால் அதுவும் இல்லை.
பெருமாள்புரத்தில் போனில் பதிய வேண்டும்,
அதற்கு என் மருமகன் மனசு வைக்க வேண்டும்.
ஐகிரவுண்டு ஓ.பி.யில்
அதே நாற்காலி, அதே மின்விசிறி,
கிழமைக்கு ஒரு முகம்.

பழைய சீட்டுகளை எல்லாரும்
ஒரே மாதிரிதான் ஓரம் தள்ளுகிறார்கள்.
'புதுசா ஒரு டெஸ்ட் எடுத்துருவோம்.'
ஒருவர் சல்ஃபா எழுதியே விட்டார்.
மருந்துக்கடைச் சுடலைமுத்துதான் கண்டுபிடித்து
'அக்கா, இது ஒங்களுக்கு ஆகாதே' என்று
மாத்திரையைத் திரும்ப உள்ளே வைத்தான்.

'எத்தனை பிரசவம்?'
முதல் இடத்தில் மூணு என்றேன்.
'பிள்ளைங்க?' ரெண்டு.
பேனா நின்றது.
தொண்ணூற்றெட்டு கார்த்திகை, ஏழாம் மாசம்,
ஆற்றில் வெள்ளம், கொக்கிரகுளம் பாலத்தில் பஸ் ஓடவில்லை,
எல்லாம் சொன்னேன்.
இரண்டாம் இடத்தில்
'ஒண்ணு தவறிட்டு' என்று முடித்துவிட்டேன்.
மூன்றாம் இடத்தில் எனக்குப் பின்னால்
வரிசை இருமிக்கொண்டிருந்தது.
ரெண்டு பிரசவம் என்றேன்.

பஸ்ஸில் ஏறி டிக்கெட் வாங்கிய பிறகுதான்
என்ன சொன்னேன் என்று உறைத்தது.

அவனைப் பார்த்தவர்கள் மூன்றே பேர்.
என் வீட்டுக்காரர் பிரமநாயகம் அதைப் பேச மாட்டார்.
எட்வின் டாக்டர் அட்டையில் ஒரு வரி எழுதினார்,
ஆண், இரண்டு மணி நேரம்.
அந்த வரிக்கு எடை எவ்வளவு வந்திருக்கும்?

தை மாசம் நகர்ப்புற சுகாதார நிலையத்தில்
ரஹ்மத் நிஷா என்று ஒரு பெண், சின்னவள்,
கழுத்தில் ஸ்டெத் இன்னும் புதுசாக இருந்தது.
'எத்தனை பிரசவம்?'
மூணு.
அவள் பேனாவை மூடி வைத்துவிட்டுச்
சும்மா இருந்தாள்.
அவ்வளவுதான் செய்தாள்.
அடுத்த மாசமும் அவளே இருந்தாள்.
அதற்கடுத்த மாசமும்.
'சுகர் எறங்கிருக்கு, தூக்கம் எப்படி?' என்றாள்.
தூக்கத்தைப் பற்றி நான் அவளிடம்
ஏற்கெனவே சொல்லியிருந்தேன்!

வைகாசியில் அந்த நாற்காலியில் ஒரு பையன்.
'மேடத்துக்கு மதுரையில பி.ஜி. சீட் கெடைச்சுட்டு'
என்றாள் நர்ஸ், தன் மகளுக்கே கிடைத்த மாதிரி.
எனக்கும் சந்தோஷம்தான்.
பாதி.

பையன் என் சீட்டை ஓரம் தள்ளினான்.
'சொல்லுங்கம்மா, என்ன பண்ணுது?'

முதல்லருந்து சொல்லணுமா தம்பி,
இல்ல நேத்துலருந்து போதுமா?