மேல் என்று எழுதிய மூடி

சூரமங்கலம் பார்சல் ஆபீஸில்
பெட்டியைத் தட்டிப் பார்த்தவர்
உள்ளே என்ன என்றார்.
சேறு.
சேற்றையா ஐஸ் போட்டு அனுப்புறாங்க,
சேலத்தில் இல்லாத சேறா?
இருபது கிலோ என்று நிறுத்து
ரசீதில் 'இதரப் பொருள்' என்று எழுதினார்.
மூவாயிரம் மீட்டர் தண்ணீருக்கு அடியில் கிடந்தது என்று
சொல்ல வாயெடுத்தேன்.
பின்னால் மாங்கூடைகளோடு நின்றவர்
நகரச் சொன்னார்.

பிளாஸ்டிக்கை ரம்பத்தால் அறுத்து
சேற்றை மெல்லிய கம்பியால் பிளந்தோம்
வெந்த பனங்கிழங்கை வகிர்வதுபோல.
ஒரு மீட்டர்.
ஒரு பாதி யாரும் தொடாமல் குளிர்பெட்டிக்கு,
மறுபாதி எனக்கும் கரண்ட் வெட்டுக்கும்.

மூன்று நாள் எழுதினேன்.
ஈரம் காயுமுன் நிறம் பார்க்க வேண்டும்,
வண்ண அட்டையை ஜன்னலோரம் பிடித்து.
பூஜ்யம் முதல் பதினான்கு வரை
பச்சை கலந்த சாம்பல், வழவழப்பு,
புழு துளைத்த தடம் இரண்டு.
பதினான்கில் நிறம் மாறும் இடம் மங்கல்;
எங்கே முடிந்தது எங்கே தொடங்கியது என்று
அரைமணி நேரம் ஸ்கேலோடு நின்றேன்.
நீர்த்த அமிலம் ஒரு சொட்டு: சீறியது.
நகருக்கு வடக்கே வெள்ளைக்கல் கரட்டில்
சொட்டுச் சொட்டாக ஊற்றினாலும்
அசையாத கல்லில் பழகிய கைக்கு
அந்தச் சீறல் பெருமையாக இருந்தது.

கழுவிச் சலித்த மண்ணைத் தட்டில் பரப்பி வைத்திருந்தேன்.
ஆய்வகம் கூட்ட வந்த பாவாயி அக்கா
லென்ஸில் குனிந்தார்.
பத்து வருஷம் ஆத்தூர் ஜவ்வரிசி ஆலையில்
தரம் பிரித்தவர்.
ஐய, ஜவ்வரிசி!
நயமில்லை. உடைசல் ஜாஸ்தி.
ஒரு மணிக்கடல் உயிரின் கூட்டை
அதைவிடச் சுருக்கமாக நான் எழுதியதில்லை.
குறிப்பேட்டில் சேர்த்தேன்:
ஓடுகள், உடைசல் மிகுதி.

நாற்பத்தொன்றில் எரிமலைச் சாம்பல்.
இரண்டு விரல் தடிமன், வெளிறிய நிறம்,
லென்ஸுக்கடியில் கண்ணாடிச் சில்லு.
விரலால் நெருடிக்கொண்டே வந்தேன்,
மேலே நறநற,
கீழே மாவு.

மேலே நறநற.

தண்ணீரில் கனமானது முதலில் இறங்கும்.
வீட்டில் அரிசி களைகிற எவருக்கும் தெரியும்,
கல் அடியில்தான் கிடக்கும்.

மூடியை எடுத்துப் பார்த்தேன்.
'மேல்' என்று என் கையெழுத்து,
'ல்'-இன் புள்ளி வழுக்கிக் கோடாகியிருக்கிறது.
கப்பலில் அதிகாலை மூன்று மணி.
குழாய் தளத்துக்கு ஏறியபோது
ஒரு கையில் மார்க்கர், மறுகையில் வாளி,
வாளியில் நான் குடித்த மோர்.
பக்கத்தில் யாரோ ஆங்கிலத்தில் சிரித்தார்கள்.
நீலமூடி எந்த முனை என்று
கேட்டேனா,
கேட்டதாக நினைத்துக்கொண்டேனா.

ஆக மூன்று நாளாகக்
காலத்தைத் தலைகீழாக எழுதியிருக்கிறேன்.
பழையதைப் புதிதென்று,
சாம்பல் விழுமுன் வாழ்ந்த புழுவை
பின்னால் வந்ததென்று.
புழு ஆட்சேபிக்கவில்லை.

குறிப்பேட்டில் அழிப்பது தவறு.
குறுக்கே ஒற்றைக் கோடு,
பக்கத்தில் சுருக்கொப்பம், தேதி.
பதினொரு பக்கம் கோடு போட்டேன்.
நாற்பத்தொன்று ஐம்பத்தொன்பதாகியது.
சாம்பல் இருந்த இடத்தில்தான் இருந்தது.

மாலையில் இன்னொரு துளி மண்.
மேடையைத் திருப்பத் திருப்ப
ஒரு மணி இளஞ்சிவப்பாகவும் பச்சையாகவும் மாறியது.
ஏற்காடு ஏறும் வளைவுகளில்
வெடிவைத்துப் பிளந்த பாறைகளில்
இதே கனிமத்தை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்.
திருமணிமுத்தாறு, காவிரி, பிறகு இருட்டு:
வழி இருக்கிறது.
'சேர்வராயன்' என்று எழுதிக் கேள்விக்குறி போட்டேன்.
காவிரியில் இறங்கும் மலை ஒன்றா இரண்டா.
அதற்கும் ஒரு கோடு, ஒப்பம், தேதி.
'அரிது' என்று மட்டும் விட்டேன்.

குரங்குச்சாவடியில் பஸ் மாறும்போது
ஒரு தட்டுவடை செட் வாங்கினேன்.
பீட்ரூட் துருவல் விரலில் ஒட்டியபோதுதான் கண்டேன்,
நகக்கண்ணில் சேறு.
எந்தச் சென்டிமீட்டர் என்று
குறிக்கவில்லை.