ஐந்தொகை

சித.மெ. வீட்டு இரண்டாம் கட்டில்
பாத்திரம் எண்ணி எழுதப் போயிருந்தேன்.
நாளுக்கு அறுநூறு ரூபாய், மதியச் சாப்பாடு அவர்களுடையது.
பித்தளை அண்டா பதினொன்று,
எனாமல் தூக்கு நாற்பது,
பெல்ஜியம் கண்ணாடி இரண்டு, ஒன்றில் கீறல்.
கீறல் கண்ணாடிக்குப் பின்னால்
கம்பியில் குத்தித் தொங்கின
மணியார்டர் கூப்பன்கள், முப்பத்தொன்று.

அனுப்பியவன்: சிப்பாய் அடைக்கன், பயனியர் படை.
வாங்கியவள்: செகப்பாயி, மித்ராவயல்.
தபால்காரர் போகாத ஊருக்கு
செட்டியார் வீட்டு விலாசத்தில் வந்த பணம்.
கணக்கப்பிள்ளை ஒவ்வொன்றின் முதுகிலும்
அவள் கைநாட்டை வாங்கி வைத்திருக்கிறார்.

செகப்பாயி என் தாத்தா காளையைப் பெற்றவள்.
அடைக்கன் என்றொரு பெயர்
எங்கள் வீட்டின் எந்தப் படையலிலும் கூப்பிடப்பட்டதில்லை.

சிவகங்கையில் படைவீரர் நல அலுவலகம்.
"எந்த யுத்தம்? கார்கிலா?" என்றார்.
"அதுக்கு முந்தி."
"பங்களாதேஷா?"
"அதுக்கும் முந்தி" என்றதும் பேனாவை மூடினார்.

எட்டு மாதம், நான்கு மனு.
வந்தது ஒற்றைத் தாளின் நகல்:
உயரம் ஐந்தடி மூன்றங்குலம்.
இடப் புருவத்தில் வெட்டுத் தழும்பு.
முன்பு பார்த்த வேலை: ரங்கூன் மொகல் தெரு,
செட்டியார் கிட்டங்கியில் சமையல் எடுபிடி.

ஆக, குண்டு விழுந்த ஊரிலிருந்து
காடு மலை நடந்து வந்து சேர்ந்தவன்
ஆறு மாதம்கூட இங்கே இருக்கவில்லை.
பர்மா அரிசி நின்றுபோன வருஷம்;
புதுவயல் ஆலையில் தவிட்டையும் அளந்துதான் கொடுத்தார்கள்.
பட்டாளத்தில் மூன்று வேளை.
விட்டு வந்த அதே மலைக்கு
ரோடு போடப் போனான்.
வழி தெரியும் என்று சொல்லி
ஓரணா கூடுதலாய்க் கேட்டிருப்பானோ.

1945 மார்ச். குண்டில்லை, கத்தியில்லை;
தார் டிரம் ஏற்றிய லாரி பள்ளத்தில் உருண்டது.
உடல் கிடைக்காதவர்களின் தூணில்
இங்கிலீஷ் ஓர் எழுத்தை விழுங்கிவிட
"அடக்கன்" என்றிருக்கிறதாம்.
அடக்கம் ஆகாதவனுக்கு அப்படியொரு பெயர்.

தாத்தாவின் பள்ளிச் சான்றிதழ் வேறு சொல்கிறது:
காளை, தகப்பன் பெயர் கருப்பணன், பிறப்பு 1944 செப்டம்பர்.
விரல் மடக்கிப் பின்னால் எண்ணினால் 1943 டிசம்பர்.
அந்த டிசம்பரில் அடைக்கனுக்குப் பத்து நாள் லீவு
நகலில் தெரிகிறது;
அதை ஒட்டி ஒரு கோடும் தெரிகிறது.
அடிக்கோடா, அடித்த கோடா?
மூலத்தைப் பூச்சி தின்றுவிட்டது.

போனில் அத்தை சொன்னாள்:
"செத்தவுகளக் கிளப்பி ரேசன் கார்டா வாங்கப் போற?
கருப்பணன் தோளுல தூக்கி வளத்தாரு. அம்புட்டுத்தான்."

1944 செப்டம்பர் கூப்பனின் முதுகில் மட்டும்
வேறொரு பெருவிரல், அகலமானது.
"செகப்பாயிக்காக கருப்பணன்"
என்று கணக்கப்பிள்ளை எழுத்து.
அடுத்த மாதம் அவளே வந்திருக்கிறாள்.

இந்தப் பக்கம் வருஷக் கடைசியில் ஐந்தொகை போடும்போது
காலணா இடித்தாலும் விளக்கை அணைக்கமாட்டார்களாம்.
நானும் மூன்று இரவு உட்கார்ந்தேன்.

சேதி எழுத விட்ட இடம் இரண்டு விரல் அகலம்.
எழுதத் தெரிந்த எவனோ ஒரு கூட்டாளியின் கை.
முதல் வருஷம் முழுக்க ஒரே வரி:
"சுகம். காளையை விற்காதே."
மாட்டைத்தான் சொல்கிறான்; தாத்தா அப்போது பிறக்கவில்லை.
கடைசிக் கூப்பனில், அந்தப் பன்னிரண்டு ரூபாயில்,
"காளைக்கு ஐந்து."

வீட்டுக்காரர் சென்னையிலிருந்து பேசினார்:
"பேப்பரெல்லாம் லிஸ்ட்டில் வேண்டாம், எடைக்குப் போட்டிருங்க."
கம்பியோடு நிறுத்தால் நூற்றியெண்பது கிராம்.
கடைக்காரன் சொன்ன விலையை
நானே கொடுத்துவிட்டேன்.

ஐந்து ரூபாய் ஒரு மாட்டுக்கு அதிகம்தானா?
1945 மாசியில் வைக்கோல் என்ன விலை என்று
யாரைக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.